நைனாவுக்குப் பத்தியம்

வேலூர் ஆஸ்பத்திரியில் நைனாவின் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். இரைப்பையில் கட்டி. ஈரல்வரை பரவியிருக்கிறது. வெட்டி எடுக்க வழியில்லை. ஆறு மாதம் இருக்கலாம், கூடக் கொஞ்சம் இருந்தாலும் இருக்கலாம்.

"வீட்டுல பெரியவங்க யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

அம்மா வந்திருந்தாள். ஆனாலும் நான்தான் பெரியவன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை.

உள்ளே போனபோது நைனா விழித்திருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஈரத்துணியால் அதைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா சொன்னாரு டாக்டரு?"

"புண்ணு இருந்திச்சாம் நைனா. எடுத்துட்டாங்களாம். காரம், புளி இல்லாம பத்தியமா இருந்தா ஆறு மாசத்துல சரியாப்பூடுமாம்."

டாக்டர் சொன்ன ஆறு மாதம் என் வாயில் ஒட்டிக்கொண்டு அப்படியே வெளியே வந்துவிட்டது. காரம், புளி என்பதை நானாகச் சேர்த்தேன். ஒரு பொய்யை நம்ப வைக்க அதனுடன் ஏதாவது கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அம்மா துணியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "கருவாடு?" என்று கேட்டாள். கூடாது என்றேன். "களி?" அதுவும் கூடாது என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டாள்.

காட்பாடியில் ரயிலேறி, சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி வந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஊர் திரும்பினோம். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே எங்கள் ஊர். வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற குடும்பங்கள். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு. மாடு வாங்கும்போது நைனா பேசுகிற தெலுங்கைக் கேட்டால் அவரைத் தமிழ்க்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்தான். ஆந்திரா தனியாகப் பிரிந்த பிறகு தாலுகா கச்சேரியிலிருந்து வரும் நோட்டீசுகள் தெலுங்கில் வர ஆரம்பித்தன. அவற்றை நைனா மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, நான் வீட்டுக்கு வரும்வரை காத்திருப்பார். "எங்கூட்டுக் காயிதத்த நானே படிக்க முடியல, இது இன்னா நாயம்?" என்பார். எங்கள் பக்கத்தை மதராசோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டு ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கியவர்களில் அவரும் ஒருவர். வயிற்று வலி தொடங்கிய பிறகும், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் மைப்பெட்டியோடு கைநாட்டு வாங்கப் போனார்.

நான் திருப்பதியில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. நைனா படுக்கையில் விழுந்த பிறகு, அங்கே எடுத்திருந்த அறையைக் காலி செய்துவிட்டுத் தினமும் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தேன். காலையில் அவருக்கு முகம் கழுவி, படுக்கையை மாற்றி, தையல் போட்ட இடத்தைத் துடைத்துவிட்டுக் கிளம்புவேன். மாலையில் ஆபீஸ் விட்டதும் நேராக வீட்டுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்தில் இருந்த பூப்பந்து மைதானத்துக்குப் போனேன்.

மஞ்சள் கம்பளி நூலில் செய்த பந்து, நரம்பு கட்டிய மட்டை, பக்கத்துக்கு ஐந்து பேர். நான் வலைக்கு முன்னால், இடது பக்கம் நிற்பவன். பந்து மட்டையில் சரியாகப் பட்டால் சத்தமே வராது. அந்த ஒரு மணி நேரம் என் தலைக்குள் ஆஸ்பத்திரி வராந்தா இருக்காது. வியர்வை காய்ந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் அது திரும்பி வரும். உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையிலேயே நன்றாக ஆடியது அந்த மாதங்களில்தான். அதை இப்போதும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

வீட்டில் அம்மா பத்தியத்தைப் பிடித்துக்கொண்டாள். நொய்க்கஞ்சி, உப்புக்கூட அரை உப்பு. பால். மறுபடியும் நொய்க்கஞ்சி. நைனா மூன்று வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வார். அம்மா அவர் தாடையைப் பிடித்துத் திருப்புவாள். "ஆறு மாசம்னா ஆறு மாசம். நடுவுல கெடுத்துக்கினு மறுபடியும் வயித்த அறுக்கச் சொல்றியா?" என்று கத்துவாள். அவரை ஒருமையில் அவள் பேசிக் கேட்டது அப்போதுதான். நாட்களை எண்ணுவதற்குச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தாள். கோடு கூடக் கூட அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

வேர்க்கடலை பிடுங்குகிற சமயம். ஆட்களுக்குக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கியிருந்தாள் அம்மா. அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். கொல்லையில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். குழம்பின் வாசனை நைனா படுத்திருந்த அறை முழுக்க நிறைந்துவிட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ சொன்னா அவ கேப்பா. ஒரே ஒரு உருண்ட. கொழம்புல தொட்டு நாக்குல வச்சிட்டுத் துப்பிடறன். முழுங்கமாட்டன்."

எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். அதனால் எதுவும் கெட்டுவிடப்போவதில்லை என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் கொடுத்தால் அம்மா ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

"இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்க நைனா," என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். "செரி. ரெண்டு மாசம்," என்றார்.

அதற்குச் சில வாரங்களில், எல்லையைப் பற்றி விசாரிக்கும் அதிகாரி ஒரு சனிக்கிழமை புத்தூருக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. எங்கள் ஊருக்காகப் பேச நைனாவின் பெயரைக் கொடுத்திருந்தார்கள். "நீ கூட வாடா. ஒக்கார வச்சிப் புடிச்சிக்க ஒரு ஆளு வேணும்," என்றார்.

அதே சனிக்கிழமை சித்தூரில் எங்கள் பூப்பந்து அணிக்குப் போட்டியின் இறுதி ஆட்டம்.

ஆட்டம் மட்டும்தான் காரணம் என்றால் அதை விட்டிருப்பேன் என்று என்னையே சமாதானம் செய்துகொள்வதுண்டு. ஆபீசிலும் ஒரு சங்கடம் இருந்தது. கையெழுத்து விஷயம் தலைமை குமாஸ்தாவின் காதுக்கு எட்டியிருந்தது. "மீ நான்ன மதராசு கட்சியாமே?" என்று என் அப்பாவைச் சொல்லி எல்லோர் முன்னாலும் கேட்டுச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, வேடிக்கைக்குத்தான் கேட்டார். எனக்குத்தான் அது வேடிக்கையாகப் படவில்லை. ஆந்திரா சர்க்காரின் சம்பளம் வாங்குகிறவன், அந்த அதிகாரி முன்னால் மனுவோடு நின்றால் யாராவது பார்ப்பார்கள். பயமும் ஆசையும் ஒரே பக்கமாக இழுத்தன. சித்தூரில் ஆபீஸ் வேலை இருக்கிறது, தட்ட முடியாது என்று நைனாவிடம் சொல்லிவிட்டேன். கால்சட்டையும் மட்டையும் வைத்திருந்த பையை முதல் நாளே நண்பன் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அந்த நண்பன் எங்கள் அணியின் நடு ஆட்டக்காரன், காளஹஸ்திப் பக்கத்துத் தெலுங்குக்காரன். நைனாவின் நோயைப் பற்றி அவனிடம் மட்டும் சொல்லியிருந்தேன். ரயிலில் போகும்போது, "இன்னைக்கு நீ வந்திருக்க வேண்டாம்," என்று தெலுங்கில் சொன்னான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சித்தூரில் ஜெயித்தோம். மூன்றாவது செட்டின் கடைசிப் புள்ளி என் மட்டையிலிருந்து போனது. என்னைத் தோளில் தூக்கினார்கள். தோள்மேல் இருந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஊருக்கு வந்தேன். வாசலிலேயே சித்தப்பா நின்றிருந்தார். அவர்தான் முதல் நாள் வண்டி ஓட்டிப் போனவர்.

"எங்கடா போய்க்கினு வர்ற? ரத்தமா வாந்தியெடுத்துட்டாரு உங்க நைனா. காப்பிக் கசடாட்டம் கறுப்பா."

நடந்ததை அவர் சொன்னார். புத்தூர் பங்களாவுக்கு முன்னால் விடியற்காலையிலிருந்தே கூட்டம். ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். நைனா வண்டியிலேயே படுத்திருந்தார். வெயில் ஏறி, மதியமும் தாண்டி, எங்கள் ஊர் பெயரைக் கூப்பிடுவதற்கு இரண்டு ஊர் முன்பு வாந்தி எடுத்து மயங்கிவிட்டார். அம்மா போட்ட கூச்சலில் கூட்டம் வண்டியைச் சுற்றிக்கொண்டது. அதற்குள் எங்கள் ஊரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்; யாரோ மனுவை மட்டும் நீட்ட, அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். நான் இருந்திருந்தால் பங்களா சிப்பந்திகளிடம் சொல்லி முன்னதாகவே உள்ளே கூட்டிப்போயிருப்பேன். அங்கே இருந்தவர்களில் இரண்டு பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

உள்ளே போனேன். நைனாவின் கண் குழிக்குள் போயிருந்தது. எனக்கு முன்பே அவருக்குச் செய்தி வந்திருந்தது. சித்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த எவனோ, என்னை மைதானத்தில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறான்.

"ஆட்டத்துக்குப் போயிருந்தியாமே."

படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"கெலிச்சீங்களா?"

"தோத்துட்டோம் நைனா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜெயித்தோம் என்று சொல்ல வாய் வரவில்லை. நைனா மோட்டுவளைப் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"அப்ப அதுவும் போச்சா," என்றார்.

ஜெயித்தோம் என்றால் சந்தோஷப்பட்டிருப்பாரோ என்னவோ. நான் ஆடி ஒரு முறைகூடப் பார்க்காதவர் அவர். அந்த ஒன்றையாவது கொடுத்திருக்கலாம்.

அன்று மத்தியானம் கிணற்றடியில், நைனாவின் வேட்டியை அலசிக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, வயிற்றை அப்படியே மூடிவிட்டது, ஆறு மாதம். அவள் அலசுவதை நிறுத்தவில்லை. கறை போகும்வரை கசக்கினாள். பிழிந்து உதறிக் கொடியில் போட்ட பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப பத்தியம்?"

"அது நானா சொன்னது."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"துன்னக் கேட்டாருடா. தெனம் தெனம் கேட்டாரு. கையப் புடிச்சிக்கினு கேட்டாரு. நான் பேய் மாதிரி கத்தினேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா கேட்டதெல்லாம் ஆக்கிப் போட்டிருப்பேனே. ஆசையா துன்னுட்டுப் போயிருப்பாரே."

நீ தாங்கமாட்டாய் என்றுதான் சொல்லவில்லை என்றேன்.

"யாரு தாங்கமாட்டாங்க? நானா, நீயா?" என்று கேட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே களி கிண்டினாள். நெத்திலிக் கருவாட்டை வறுத்துக் குழம்பு வைத்தாள். தட்டைப் பார்த்ததும் நைனா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். ஆறு மாதம் இன்னும் ஆகவில்லையே என்று கேட்கவில்லை. அம்மா ஒரு துளி உருண்டையைக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தாள். அவர் அதை வாயில் வைத்துக்கொண்டே இருந்தார். முழுங்க முடியவில்லை. கடைவாயில் வழிந்ததை அம்மா துடைத்தாள். "நல்லா கீது," என்றார். அதற்கு அடுத்த நாட்களில் அவள் எதை எதையோ ஆக்கினாள். வாசனையே குமட்டுகிறது என்று அவர் கையை அசைத்துவிடுவார். தண்ணீரும் பாலும் மட்டும் கொஞ்சம் இறங்கின. பிறகு தண்ணீர் மட்டும்.

மூன்றாவது வாரம், ஒரு காலை வேளையில், நான் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது அவர் மூச்சு நின்றது. நான் துடைப்பதை உடனே நிறுத்தவில்லை. அம்மா வந்து என் கையிலிருந்து துணியை வாங்கினாள்.

காரியமெல்லாம் முடிந்து பதினேழாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். மொட்டைத்தலையோடு மாலையில் மைதானத்தின் ஓரமாகப் போய் நின்றேன். பார்க்க மட்டும்தான் போனேன். ஐந்தாவது ஆள் வரவில்லை. நண்பன் மட்டையை நீட்டினான். வாங்கிக்கொண்டேன். முதல் பந்து வந்தபோதே கால் தானாக ஓடியது. உடம்பு சந்தோஷப்பட்டது. அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. பாதி ஆட்டத்தில் அழுகை வந்தது. வியர்வையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டு ஆடி முடித்தேன்.

எல்லைத் தீர்ப்பு வர அதற்குப் பிறகும் நாளாயிற்று. திருத்தணியும் பள்ளிப்பட்டும் மதராசுக்குப் போயின. நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றன. எங்கள் ஊரும் நின்றது. ஒரு நோயாளியின் வாய்மொழி அந்தக் கோட்டை மாற்றியிருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் பட்டியலைப் படித்தபோது, எங்கள் ஊர்ப் பெயரில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

ஆகாது என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மறுபடியும் முறத்தைத் தட்ட ஆரம்பித்தாள்.