படிக்கத் தெரியாதவர்கள் மட்டும்

மலையடிவாரத்தில் இருந்த அரசு ஆய்வுக்கூடம் காகிதம் அரைக்கும் வேலைக்கு ஆள் எடுத்தபோது ஒரே ஒரு தகுதிதான் கேட்டது: எழுதப் படிக்கத் தெரியக் கூடாது. அவளைப் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவிடாத உலகம், முப்பத்தாறு வயதில் அந்தக் குறையையே தகுதிச் சான்றாக ஏற்றுக்கொண்டது. கணவன் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் படிக்கிற மகளும் கணவனின் தங்கையும் இருந்தார்கள். கைநாட்டு வைத்துவிட்டு வேலையில் சேர்ந்தாள்.

ஜன்னல் இல்லாத அறை. காலையில் சீல் வைத்த அட்டைப் பெட்டிகள் வரும். காகிதங்களை ஐந்தைந்தாக எடுத்து இயந்திரத்தின் வாயில் கொடுக்க வேண்டும். மறுபக்கம் நூல் நூலாக விழும். மாவு மில்லில் நிற்பதுபோல நாள் முழுக்க இரைச்சல். வாசலில் ஒரு காவலர். மாலையில் பை, சாப்பாட்டு டப்பா, செருப்பு, கொண்டை எல்லாவற்றையும் சோதித்த பிறகுதான் வெளியே விடுவார்கள்.

தெருவில் அவளுக்கு 'ரகசியம்' என்று பேர் விழுந்தது.

"ரகசியம் அக்கா, இன்னிக்கு என்ன கிழிச்சீங்க?" என்பார் முடிதிருத்தும் கடைக்காரர்.

"உன் கடை லைசென்ஸைத்தான். நாளையிலிருந்து வேற பொழப்பு பாரு."

அவர் கடை பெஞ்சில்தான் தெருவின் ஆராய்ச்சி மன்றம் கூடும். உள்ளே மழையை நிறுத்தும் இயந்திரம் செய்கிறார்கள் என்பது கடைக்காரரின் முடிவு. கண்ணுக்குத் தெரியாத வண்டி என்றார் டயர் கடைக்காரர். இல்லாவிட்டால் அத்தனை டயர் எதற்கு வாங்குகிறார்கள்? ஓய்வுபெற்ற தபால்காரர் இருவரையும் பார்த்துச் சிரிப்பார். மனிதர் நினைப்பதைத் தூரத்திலிருந்தே படிக்கும் கதிர் அது, அதனால்தான் மதில்மேல் ஒரு பறவைகூட உட்காருவதில்லை என்பார். மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருப்பதை அந்தத் தெருவில் எல்லோரும் தினமும் பார்த்தார்கள். ஆனாலும் கதிர்தான் ஜெயித்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடங்களில் அவள் படிக்கக் கற்றுக்கொண்டாள். திட்டம் போட்டு அல்ல. மகள் தரையில் புத்தகத்தை விரித்துச் சத்தமாகப் படிப்பாள். எதிரே உட்கார்ந்து காய் நறுக்கும் இவள், வாயையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். எதிரே இருந்ததால் எல்லா எழுத்துகளும் தலைகீழாகத்தான் அவளுக்கு அறிமுகமாயின. நேராகப் படிக்க இன்னும் ஆறு மாதம் பிடித்தது. யாரும் இல்லாதபோது தரையில் விரலால் எழுதியும் பழகினாள். ஒரு நாள் பெட்டிக்குள் கிடந்த தாள் 'மின்விசிறி ஓடவில்லை' என்று அவளிடம் சொன்னது. அவள் அதை அவசரமாக இயந்திரத்தின் வாயில் கொடுத்தாள். மகளிடம்கூடச் சொல்லவில்லை. தெரிந்தால் வேலை போய்விடும்.

வருடத்துக்கு ஒரு முறை பாதுகாப்பு அதிகாரி சோதனை வைப்பார். மேசைமேல் ஒரு தாளை வைத்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் வருடத் தாளில் என்ன எழுதியிருந்ததோ, அவளுக்குத் தெரியாது. நான்காம் வருடம், 'உன் முதுகில் தேள் ஊர்கிறது' என்று எழுதியிருந்தது. அவள் தோளைக்கூட அசைக்கவில்லை. "எங்கய்யா கைநாட்டு வைக்கணும்?" என்று கட்டை விரலை நீட்டினாள். அதிகாரிக்குத் திருப்தி. படித்தவர்களை வேலைக்கு எடுக்க ஒரு தேர்வு வைக்கும் நாடு, படிக்காதவர்களைப் படிக்காதவர்களாகவே வைத்திருக்க இன்னொரு தேர்வு நடத்தியது. இரண்டாவதில் அவள் ஒவ்வொரு வருடமும் தேறினாள்.

அவள் படித்த ரகசியங்கள் இவை: விடுப்புக் கடிதங்கள். ஜன்னலோர நாற்காலி யாருக்கு என்று இரண்டு விஞ்ஞானிகள் பதினொரு மாதம் நடத்திய கடிதப் போர். உணவகத்துக் கரண்டிகள் வளைந்திருப்பது பற்றி ஏழு பக்க முறையீடு. இவற்றுக்கு நடுவே எண்ணும் குறியுமாகப் புரியாத தாள்களும் வந்தன. பெரிய விஷயம் அவற்றில் இருந்திருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொள்வதில் அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை. பெஞ்சுக்காரர்களுக்கு அதுதான் முடியவில்லை.

நாத்தனாரை நான்காம் கட்டிடத்தில் பெருக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் இவள்தான். ஒப்பந்த வேலை. அங்கே மொத்தம் ஆறு பெண்கள். அங்கே சேர்ந்த மூன்றாம் வருடம் நாத்தனாருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். தைரியமானவள், ஒரு டம்ளர் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

பெஞ்சு உடனே தீர்ப்புச் சொன்னது: கதிர். தபால்காரர் ஒரு செம்புக் கம்பியைக் கொடுத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்ளச் சொன்னார். நாத்தனாரும் கட்டிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு வா" என்றாள் இவள்.

"கதிர் பட்டதுக்கு டாக்டர் என்ன பண்ணுவார் அண்ணி? மேலிடத்து விஷயம். நம்ம வாயைத் திறந்தா இருக்கிற வேலையும் போயிடும்."

கம்பி கட்டிய கையோடு அவள் இன்னும் நான்கு மாதம் பெருக்கினாள்.

அதன் பிறகுதான் அந்தத் தாள் வந்தது. மேலே 'நான்காம் கட்டிடம், துப்புரவுப் பணியாளர்' என்று இருந்ததும் அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். "சிக்கிக்கிச்சு" என்று காவலரிடம் சொல்லிவிட்டு, இயந்திரத்தின் பற்களைக் குச்சியால் குத்துவதுபோல் குனிந்து படித்தாள். அந்தக் கட்டிடத்தின் ஓர் அறையில் பழைய அழுத்தமானிகளைப் பல வருடங்களாகப் பழுது பார்த்திருக்கிறார்கள். அவற்றிலிருந்து சிந்திய பாதரசம் தரையின் இடுக்குகளில் இறங்கித் தங்கிவிட்டது. அறை குளிர்சாதனம் போட்டு மூடியே கிடப்பதால் ஆவி வெளியே போக வழியில்லை. ஆறு பெண்களின் சிறுநீரையும் காரணம் சொல்லாமல் வாங்கிப் பரிசோதித்திருந்தார்கள். அளவு இருபதைத் தாண்டக் கூடாது. நாத்தனாருடையது நூற்றுப் பத்து. ஓரத்தில் ஒருவர் பேனாவால் எழுதியிருந்தார்: 'ஒப்பந்தப் பணியாளர்கள். ஒப்பந்தம் ஆறு மாதத்தில் முடிகிறது. தெரிவிக்கத் தேவையில்லை.'

ஆறு எண்களையும் மனப்பாடம் செய்துகொண்டாள். தாளை வெளியே கொண்டுபோக முடியாது. காவலர் எட்டிப் பார்த்தார். இயந்திரத்தை ஓடவிட்டு, அதையும் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரை உட்காரவைத்துச் சொன்னாள்.

"கதிரும் இல்லை, ஒண்ணும் இல்லை. பாதரசம். காய்ச்சல் பார்க்கிற குழாய்ல வெள்ளையா இருக்குமே, அது. நீ பெருக்குற தரைக்குள்ள கிடக்கு. அந்த ஆவியைத்தான் மூணு வருஷமா மூச்சுல இழுக்கிற."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. படிச்சேன்."

நாத்தனார் சிரித்தாள். அண்ணி முகத்தில் சிரிப்பு இல்லை என்று கண்டதும் நிறுத்தினாள்.

"எத்தனை வருஷமா?"

"ஏழு வருஷம் இருக்கும்."

"ஒரே அடுப்புல சோறு பொங்கித் தின்னுட்டு, ஏழு வருஷமா என்கிட்டயே மறைச்சீங்களா? நான் பஸ் போர்டு தெரியாம தப்பு பஸ்ல ஏறி அலைஞ்சப்போ கூட?"

"நீ வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டேன்னு பயந்தேன்."

"அது சரிதான்" என்றாள் நாத்தனார், கொஞ்சம் யோசித்து. "ஆனாலும் உங்களை மன்னிக்கப் போறதில்லை. இப்ப இதைச் சொன்னா உங்க வேலை என்னாகும்?"

"போகும்."

நாத்தனார் மணிக்கட்டுக் கம்பியை அவிழ்க்கப் பார்த்தாள். விரல் நடுக்கத்தில் முடிச்சு பிடிபடவில்லை. இவள் அவிழ்த்துப் போட்டாள்.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மற்ற ஐந்து பெண்களின் வீட்டுக்கும் போய் அவரவர் எண்ணைச் சொன்னாள். ஒருத்தி நம்பவில்லை, இரண்டாம் தடவை போய் நம்ப வைத்தாள். ஆறு பேரும் அரசு மருத்துவமனை வரிசையில் நின்றார்கள். டாக்டர் இளம்பெண். பரிசோதனை முடிவும் இவள் சொன்ன எண்களும் ஏறக்குறைய ஒத்துப்போனதைப் பார்த்து, தொழிலாளர் துறைக்குக் கடிதம் எழுதினார்.

பத்தாம் நாள் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார்.

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் எதிர்பார்த்தது மறுப்பை. "இங்க நீ படிச்சதெல்லாம் நாட்டோட ரகசியம். அது தெரியுமா?"

"என் நாத்தனார் மூத்திரத்துல இருக்கிற பாதரசம் எப்படிங்கய்யா நாட்டோட ரகசியம் ஆகும்? எதிரி நாட்டுக்காரன் அதை வச்சு என்ன பண்ணுவான்?"

"வேற என்னென்ன படிச்சே?"

"ஜன்னலோர நாற்காலி சண்டை. கரண்டி வளைஞ்சது. உங்க பதவி உயர்வு மனு, மூணு தடவை."

அதிகாரி ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். வேலையிலிருந்து நீக்குவதாகவும், வழக்குப் போடாமலிருக்க உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். அவள் உடனே போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வரிக்குக் கீழே விரலை ஓட்டி, உதடு அசைய, முதலிலிருந்து படித்தாள். அந்தக் கட்டிடத்துக்குள் அவள் யாருக்கும் ஒளிக்காமல் படித்த முதல் தாள் அதுதான். அதிகாரி இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாவது வரியில், 'தொழிலாளர் உடல்நலம் உட்பட, பணியின்போது அறிந்த எதையும் வெளியிட மாட்டேன்' என்று இருந்தது. அவர் பேனாவை வாங்கி, 'உட்பட' என்பதை அடித்து 'நீங்கலாக' என்று எழுதினாள்.

"இதையெல்லாம் உன் இஷ்டத்துக்குத் திருத்த முடியாது."

"அப்ப கையெழுத்தும் இல்லைங்க. வழக்கே போடுங்க. கோர்ட்டுல அந்த ஆறு எண்ணையும் சொல்றேன்."

அவர் தொலைபேசியை எடுத்து யாரிடமோ தணிந்த குரலில் பேசினார். டாக்டரின் கடிதம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது என்று மறுமுனையில் சொல்லியிருக்க வேண்டும். திருத்தத்தோடு அவள் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் நான்காம் கட்டிடத்தின் தரையைப் பெயர்த்தார்கள். ஆறு பேரில் நான்கு பேருக்கு நடுக்கம் நின்றுவிட்டது. நாத்தனாருக்குக் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மாதம் ஒரு முறை பரிசோதனைக்குப் போகிறாள். ஓரத்தில் குறிப்பு எழுதியவர் யார் என்று எந்த விசாரணையும் கேட்கவில்லை. வேலை போன இவள் இப்போது ஒரு மருந்துக்கடையில் பெட்டிகளின் பேரைப் படித்து அடுக்குகிறாள்.

போன மாதம் நாத்தனாரின் பரிசோதனைக்குப் போக இருவரும் பேருந்துக்கு நின்றபோது முடிதிருத்துபவர் கடையை விட்டு இறங்கி வந்தார்.

"இப்பதான் வேலையில இல்லையே. இப்பவாவது சொல்லுக்கா. உள்ள என்னதான் பண்றாங்க?"

"தெரியாது. தரையில பாதரசம் இருந்துச்சு. ஆறு பொம்பளைங்களுக்கு உடம்பு போச்சு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"அதான் தெருவுக்கே தெரியுமே. பெருசா ஒண்ணு இருக்கும்ல, அதைச் சொல்லு."

நாத்தனார் நடுங்கும் கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதைவிடப் பெருசா வேணுமாய்யா உனக்கு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "கையெழுத்து வாங்கிட்டாங்க, சொல்ல முடியாது. புரியுது, புரியுது."

பேருந்து வந்தது. நாத்தனாரைக் கைபிடித்து ஏற்றி, பின்னாலேயே அவளும் ஏறினாள்.