பூசைக்கு வராதவர்களின் தலைவர்

தீவில், ஜங்லிகாட்டில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சபைக்குத் தலைவராக இருந்தவர் ஒரு படகு எஞ்சின் மெக்கானிக். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். பூசை முடிந்ததும், அன்று வராதவர்களின் வீடுகளுக்கு ஸ்கூட்டரைக் கிளப்பிவிடுவார்.

"மைக்கில் நாலு வார்த்தை பேசத் தெரியாதவர் எதுக்கு?" என்று கூட்டத்தில் கேட்டவன் நான். நன்றாகப் பேசும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம்.

"டீக் ஹை, சரி தம்பி. ரோசம்மா படுத்த படுக்கையா கெடக்கு. புதுத் தலைவரை ஒருதரம் போய்ப் பாக்கச் சொல்லுங்க" என்றார் பழையவர்.

சொன்னேன். புதியவருக்குத் திருவிழா வேலை. மூன்றாம் வாரம் ரோசம்மாவை அடக்கம் செய்தோம்.

கல்லறைத் தோட்டத்தில் பழையவரிடம், "நீங்களாவது போயிருக்கலாமே அண்ணாச்சி" என்றேன்.

"தினமும் போனேன். புதுத் தலைவர் எப்ப வருவாருன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. தலைவர் மெயின்லேண்ட் போயிருக்காரு, கப்பல் வந்ததும் வருவாருன்னு சொல்லிவச்சேன். வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு."

தன்னை விரட்டிய எங்களின் மானத்தை அவர் ஏன் காப்பாற்றினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.