குங்குமம் வைத்த கைப்பிடி

கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனியில், முதுகெலும்பு ஆபரேஷனுக்கான ஒரு கருவியைச் செய்துகொண்டிருக்கிறோம். பார்ப்பதற்குத் தடித்த பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்கும். நகர்ந்துபோன எலும்பை நிறுத்த ஸ்க்ரூ போட வேண்டுமென்றால், முதலில் மெல்லிய கம்பியால் எலும்புக்குள் அழுத்தி வழி செய்ய வேண்டும். எலும்பின் உள்பக்கம் பஞ்சு போல இருக்கும். சுற்றிலும் கெட்டியான சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் நரம்பு. கம்பி சுவரைத் தொட்டதும் அழுத்தம் ஏறுவதைக் கைப்பிடிக்குள் இருக்கும் சென்சார் கண்டுபிடிக்கும். டாக்டரின் உள்ளங்கையில் பிடி லேசாக அதிரும். அவ்வளவுதான் கருவி. என் வேலை, கறிக்கடையில் வாங்கிவரும் ஆட்டு முதுகெலும்பில் அதைத் திரும்பத் திரும்பக் குத்திப் பார்ப்பது. துண்டு போட வேண்டாம் என்று முதல் தடவை சொன்னபோது கறிக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்போது கேட்காமலேயே முழுசாக எடுத்து வைத்துவிடுகிறார்.

மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் வில்பட்டியில், என் அம்மாவுக்கு அடிமுதுகில் ஓர் எலும்பு முன்பக்கம் நகர்ந்திருந்தது. பூண்டு மூட்டையும் கேரட் மூட்டையும் சுமந்த முதுகு. இடது கால் மரத்துப்போய், செருப்பு கழன்றது தெரியாமல் பூண்டுக் காட்டிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வருவார். எங்கள் காடோ படிப்படியாகச் சரிவில் இறங்குவது. ஒரு நாள் கால் தடுக்கினால் போதும். மதுரை டாக்டர் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் கால் இன்னும் மோசமாகும் என்று சொல்லியிருந்தார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கத்தி வைத்த பிறகு கால் விளங்காமல் போன ஒரு பெண்ணின் கதையை யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அம்மா அவளைத் தினமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியது நான் ஒருவன்தான். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அப்பாவுக்குச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததேயில்லை. அதனால், கம்பெனியில் ஒதுக்கிப் போட்ட ஒரு பழைய மாதிரிக் கருவியை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, லீவில் ஊருக்கு எடுத்துப்போனேன்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அப்பா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். புது மண்வெட்டி வந்தாலும், மருந்தடிக்கும் மெஷின் வந்தாலும் எங்கள் வீட்டில் சந்தனம் குங்குமம் வைக்காமல் கையில் எடுக்க மாட்டார்கள். கம்பி பிடிக்குள் நுழைகிற இடைவெளியில் குங்குமம் தாராளமாக இறங்கியிருந்தது. சுவிட்சைப் போட்டதும் பிடி அதிர ஆரம்பித்தது, நிற்கவேயில்லை. சாமி ஏற்றுக்கொண்டது என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். குங்குமம் போகிற வழியில் எலும்புத்தூளும் போகும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு கம்பெனியில் சொன்னபோது, அந்த இடத்து ரப்பர் வளையத்தையே மாற்றினோம்.

ஊசியால் சுரண்டித் துடைத்தபின் சரியாக வேலை செய்தது. பக்கத்து வீட்டார் எல்லாம் கூடிவிட்டார்கள். ஆட்டெலும்புக்கு எங்கே போவது? பிளம்ஸ் பழத்தில் குத்திக் காட்டினேன். சதைக்குள் சும்மா போனது. கொட்டையைத் தொட்டதும் அதிர்ந்தது. அம்மாவும் வாங்கிக் குத்திப் பார்த்தார். அதிர்ந்ததும் கூச்சத்தில் சிரித்தார். அன்று சாயங்காலமே, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கச் சொல்லிவிட்டார்.

எனக்குச் சந்தோஷம். எதனால் மனசு மாறியது என்று யோசிக்கவில்லை.

மறுநாள் காலை கொட்டகையில் அம்மா பூண்டின் காய்ந்த தாளை நறுக்கிக்கொண்டிருந்தார். குனிய முடியாததால் பூண்டை ஸ்டூல் மேல் குவித்து வைத்திருந்தார். நான் எதிரே உட்கார்ந்து வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏலே, அந்த டாக்டரு கையிலயும் அப்பிடித்தானே அதிரும்?"

எனக்குப் புரியவில்லை. அப்பா சொன்னாராம், நம்ம பய செஞ்ச மெஷினை வச்சுத்தான் ஒனக்கு ஆபரேஷன் என்று. தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அப்பா பொய் சொல்லவில்லை. மகன் கருவி செய்கிறான், அம்மாவுக்கு அதே ஆபரேஷன். வேறு எதை வைத்துச் செய்வார்கள் என்பதுதான் அவர் எண்ணம்.

"இல்லம்மா. ஒனக்கு அத வச்சுப் பண்ண மாட்டாக. மனுசருக்கு வர இன்னும் நாளாகும். இப்ப ஆட்டெலும்புலதான் கெடக்கு."

அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. கையிலிருந்த பூண்டு முடிந்த பிறகு, "அப்ப எனக்கு வேண்டாம்" என்றார்.

அப்பாவுக்கு என்மேல் கோபம். ஆபரேஷன் முடிந்த பிறகு சொல்லியிருந்தால் என்ன, மதுரையில் வந்து யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் இல்லாத ஒன்றை நம்பி அம்மா அந்த மேஜையில் படுப்பதை என்னால் நினைக்க முடியவில்லை. ஆபரேஷனுக்காக வர வேண்டாம், உன் பயத்தை டாக்டரிடம் நீயே ஒரு தடவை கேட்டுவிட்டு வா என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அதற்குச் சம்மதித்தார்.

காலையில் வெள்ளனே மூன்று பேரும் கார் பிடித்து மதுரைக்குக் கிளம்பினோம். பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தியபோது அம்மா இறங்கவில்லை. வழியெல்லாம் ஒவ்வொரு வளைவுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். மடியில் ஒரு பை பிளம்ஸ், டாக்டருக்கு.

டாக்டர் பையை வாங்கி மேஜையில் வைத்தார். அம்மா அதிலிருந்தே ஒரு பழத்தை எடுத்தார். முந்தானையில் குத்தியிருந்த சாக்கு ஊசியையும் எடுத்தார். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

"இதுல குத்துனா கொட்டை தட்டுறது தெரியுது. முதுகுல குத்தும்போது ஒங்க கைக்குத் தெரியுமாங்க?"

டாக்டர் சிரிக்கவில்லை. ஊசியை வாங்கிப் பழத்தில் மெதுவாக இறக்கினார்.

"பெரும்பாலும் தெரியும்மா. சில நேரம் சந்தேகமா இருக்கும். அப்ப அழுத்த மாட்டேன். எக்ஸ்ரே போட்டுப் பாத்துட்டுத்தான் மேல போவேன்."

"சந்தேகம் வந்தா நிப்பாட்டிருவீங்கள்ல?"

"நிப்பாட்டிருவேன்."

அம்மா ஊசியைத் திரும்ப வாங்கி முந்தானையில் குத்திக்கொண்டார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"சரி, சேத்து விடுங்க. நீங்க குங்குமம் வச்ச மெஷினு இல்லாட்டியும் போகுது."

அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் என்னிடம், இடது பக்கம் சந்தேகம் வந்தது, நிறுத்திப் படம் எடுத்துப் பார்த்தே போனேன், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றார். கண் விழித்ததும் சொன்னேன். தலையை மட்டும் அசைத்தார்.

நர்ஸ் நடக்கவைக்க வந்த அன்று, அம்மா முதலில் கேட்டது செருப்பைத்தான். வார்டுக்குள் செருப்பு கூடாது என்று நர்ஸ் சொல்லியும் விடவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து மாட்டிவிட்டேன். இடுப்புப் பெல்ட்டோடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பினார். கட்டிலில் உட்கார்ந்த பிறகும் இடது காலைக் குனிந்து பார்க்க முடியவில்லை.

"ஏலே, செருப்பு கால்ல கெடக்கா?"

"கெடக்கும்மா."

"பெருவெரலு இன்னும் மரத்துத்தான் கெடக்கு," என்றார். "ஆனா நான் பாக்காமயே தெரிஞ்சுச்சு, கழலலைன்னு."