லாசால் ஆற்றங்கரையில் ஜோசபினுக்கு அஞ்சலி

வெள்ளிக்கிழமை மாலை மொன்ட்ரியாலில் இறங்கினேன். தூத்துக்குடியிலிருந்து மூன்று விமானம் மாறி வந்த களைப்பில், யாராவது ஒரு டம்ளர் காபி கொடுத்தால் அவர்களுக்கு என் சொத்தையே எழுதிக் கொடுத்துவிடும் நிலையில் இருந்தேன். அழைத்துப் போக வந்த ரஞ்சி, கட்டிப்பிடித்த கையோடு ஒரு சாவுச் செய்தியைச் சொன்னாள்.

"ஜோசபின் செத்துப்போயிட்டா. நாளைக்கு அஞ்சலிக்குப் போகணும், நீயும் வா."

"யாருடி அது, உங்க சொந்தமா?"

"ஓர்கா. கொலைகாரத் திமிங்கிலம் எண்டுவாங்களே, அது."

ரஞ்சி மட்டக்களப்புக்காரி. திருச்சியில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இப்போது மொன்ட்ரியாலின் வில்லரே பகுதியில், வீட்டின் கீழ்த்தளத்திலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். இங்கே அதை கார்டெரி என்கிறார்கள். எதற்கும் எளிதில் கலங்காத பெண். அவள் ஒரு மீனுக்குக் கண் கலங்கியது எனக்கு வேடிக்கையாக இருந்தது. சொல்லவும் செய்தேன்.

"மீன் இல்லடி, பால் குடுக்கிற சீவன். ஓங்கல் சாதி," என்றாள்.

ஓங்கல், அதாவது டால்பின், என்றதும் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் கடலில் படகோடு பந்தயம் ஓடும் அந்தப் பிராணியைத் தெரியாத தூத்துக்குடிக்காரி கிடையாது. கொலைகாரத் திமிங்கிலமும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தி. உடம்பு மட்டும் பெரிது, கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். வில்லரே போய்ச் சேரும்வரை ஜோசபின் கதைதான். குட்டியாக இருந்தபோது வட கடலில் வலை போட்டுப் பிடித்தார்களாம். எல்லை தாண்டி, ஒரு நாள் கார்ப் பயணத் தூரத்தில் உள்ள ஒரு பூங்காவில் வித்தை காட்ட வைத்தார்கள். கூட இருந்தவை ஒவ்வொன்றாகச் செத்துப்போக, கடைசிக் காலத்தில் அது தனியாகத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. ரஞ்சி தன் பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப் போயிருக்கிறாள். எல்லோரும் கை தட்டினார்கள், எனக்குக் கை எழும்பவில்லை என்றாள். அது செத்த செய்தி வந்த நாளிலிருந்து நகரம் முழுக்க இதே பேச்சு. டெப்பனர் என்று இவர்கள் சொல்லும் மூலைக்கடையில் பால் வாங்கப் போனபோது, கல்லாவில் இருந்தவரும் அவளிடம் அதைத்தான் பேசினாராம்.

சனிக்கிழமை காலை, தோசைக்கு நடுவே, தான் செய்த காரியத்தைக் காட்டினாள். பிரெஞ்சில் ஆயிரம் அழைப்பு வந்துவிட்டது, தமிழில் ஒன்றாவது வேண்டாமா என்று அவளே எழுதி, மொன்ட்ரியால் தமிழர்களின் வாட்ஸப் குழுக்களில் எல்லாம் போட்டிருந்தாள். ஈழத்து மரண அறிவித்தல்களுக்கு ஓர் எழுதாச் சட்டம் உண்டு. பிறப்பிடம் முதலில், வதிவிடம் அடுத்தது, உற்றார் உறவினர் கடைசியில். ரஞ்சி சட்டத்தை மீறவில்லை.

"கடலைப் பிறப்பிடமாகவும், தூரதேசத்தை வதிவிடமாகவும் கொண்ட ஜோசபின் அவர்கள் காலமானார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொண்டு, சனி பிற்பகல் மூன்று மணிக்கு லாசால் ஆற்றங்கரைக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

மேலே ஒரு மெழுகுவர்த்திப் படம். "திமிங்கிலம்னு ஒரு வார்த்தை எங்கேயும் இல்லையேடி?" என்று கேட்டேன்.

"ஜோசபினை ஆருக்குத் தெரியாது?" என்றாள்.

மதியம் கிளம்பினோம். வில்லரேயிலிருந்து லாசால் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். மெட்ரோவும் பஸ்ஸும் சேர்த்து ஒரே சீட்டு, மூன்றே முக்கால் டாலர். ஜாரி நிலையத்தில் ஏறி, லியோனல்-குரூவில் மாறி, பச்சைத் தடத்தின் கடைசியான அங்கிரிஞ்ஞோனில் இறங்கி லாசால் பஸ்ஸுக்காக நின்றோம். அங்கேதான் அந்த மனிதரைப் பார்த்தோம். அறுபதைத் தாண்டியவர். கறுப்புக் கோட்டு, தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் வெள்ளைப் பூச்செண்டு. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அருகில் வந்தார்.

"தமிழோ? ஆத்தங்கரைச் செத்த வீட்டுக்கு இந்த பஸ்தானே?"

"ஓம், நாங்களும் அங்கதான். வாங்கண்ணன்," என்றாள் ரஞ்சி, தமிழ் அறிவித்தலுக்கு ஓர் ஆளாவது வந்தாரே என்ற பூரிப்பில். "பூவெல்லாம் வாங்கியிரிக்கீங்க. ஜோசபினில நல்ல பாசம் போல."

"என்ட கூடப்பிறந்த தங்கச்சியெல்லோ," என்றார் அவர்.

ரஞ்சி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. அவர் பெயர் அருளப்பு. மட்டக்களப்புப் பக்கம் கல்லாற்றைச் சேர்ந்தவர், இங்கே நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் இருக்கிறார். தங்கை ஜோசபின் லாசாலில். தாயை அடக்கம் செய்த அன்று எந்தச் செபம் சொல்வது என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் வாய்த்தர்க்கம். இவர் பரம்பரைக் கத்தோலிக்கர், அவள் வேறு சபைக்கு மாறியவள். அதோடு பேச்சு நின்று பதினொரு வருடம். நேற்று யாரோ அனுப்பிய அறிவித்தலைப் பார்த்தாராம். கடலைப் பிறப்பிடமாக என்று எழுதியிருந்ததால், கல்லாற்றுக் கடற்கரையில் பிறந்த தன் தங்கையேதான் என்று நினைத்துவிட்டார். "எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல. சொல்ல மாட்டாங்கதான். செத்த வீட்டுக்கு ஆரும் சொல்லியா போறது?" என்றபோது குரல் உடைந்துவிட்டது.

ரஞ்சி சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. செத்தது ஓர் ஓங்கல், அறிவித்தல் எழுதியது நான், உங்கள் தங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை அண்ணன் என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள். அவர் அவளை அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் பூச்செண்டை நிறுத்தத்து இருக்கையில் வைத்தார், இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார், பிறகு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

"அப்ப இரிக்காள்!"

"இரிக்கா அண்ணன்."

"சரி. அப்ப நான் திரும்பிப் போறன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முன்பின் தெரியாத மனிதர் என்றும் பார்க்கவில்லை. "செத்தா பூவோட வருவீங்க, உயிரோட இருந்தா திரும்பிப் போவீங்களோ? நல்லா இருக்குங்க உங்க நியாயம்!" என்றேன். பஸ் வந்தது. பூவை வீணாக்க வேண்டாம், அந்தப் பிராணிக்காவது போடுங்கள் என்று ரஞ்சி கெஞ்சிக் கேட்டதற்காக ஏறினார். தங்கை வீட்டுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள், இத்தனை வருடம் கழித்து எந்த முகத்தோடு கதவைத் தட்டுவது என்றார்.

லாசாலில் ஆறு பாறைகள்மேல் விழுந்து சீறிப் பாய்கிறது. பேச வேண்டுமானால் குரலை உயர்த்த வேண்டும். புல்வெளியில் இருநூறு பேராவது இருந்தார்கள். முகத்தில் கறுப்பு வெள்ளை பூசிய குழந்தைகள், நாய்கள், மெழுகுவர்த்திகள். தமிழ் முகம் என்று எங்களைத் தவிர நாலைந்து பேர். ஒரு பெண் பிரெஞ்சில் பேசினாள். ரஞ்சி என் காதில் மொழிபெயர்த்தாள். கடலில் இந்தப் பிராணிகளில் சில குடும்பங்களில் பிள்ளைகள் வளர்ந்து கிழடாகும்வரை தாயோடுதான் திரியுமாம், தனியாகப் போவதே இல்லையாம். என் பக்கத்தில் நின்ற தாடிக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். மனிதன் சாகும்போது இவர்கள் எங்கே போனார்கள் என்று ஊரில் கேட்பார்கள், நானும் கேட்டிருக்கிறேன். அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றபோது அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு விலங்குக்கு அழுதவருக்கு மனிதருக்கு அழக் கண்ணீர் தீர்ந்துபோகாது.

அப்போது பின்னாலிருந்து ஆற்றையும் மிஞ்சி ஒரு குரல் கேட்டது.

"இந்தத் தமிழ் அறிவித்தலை அடிச்சது ஆரு?"

ஒரு பெண், ஐம்பத்தைந்து வயதிருக்கும். வேலைக்குப் போகும் சீருடை, ஒரு கையில் பை, மறு கையில் போன். "நான்தான் ஜோசபின்! கல்லாத்தில பிறந்து லாசால்ல இரிக்கிற ஜோசபின்! காலையில இரிந்து போன் வைக்க ஏலாது. எப்பிடிச் செத்த நீ எண்டு என்னட்டயே கேக்கிறாங்க!"

ரஞ்சி என் பின்னால் ஒளிந்தாள். அருளப்பு ஒளியவில்லை. கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பூவுமாக அப்படியே நின்றார். அவள் பார்வை கோட்டில் நின்றது, பூவுக்குப் போனது, பிறகு முகத்துக்கு வந்தது. போனைக் கீழே இறக்கினாள்.

"எனக்கா?" என்று கேட்டாள்.

அவர் தலையாட்டினார். அவ்வளவுதான், அங்கே கூடியிருந்த இருநூறு பேரையும்விட அதிகமாக அந்த இருவரும் அழுதார்கள். தாடிக்காரர் அது தமிழர் வழக்கம் என்று நினைத்திருப்பார். இருவருக்கும் தண்ணீர் கொடுத்தார்.

பூவை ஆற்றில் போட்டபின், செத்த ஓங்கலுக்குச் சொந்தபந்தம் யாரும் இருந்திருக்க மாட்டார்களா என்று ஜோசபின் கேட்டாள். இருந்தது, பிடித்த அன்றைக்கே பிரித்துவிட்டார்கள் என்றாள் ரஞ்சி.

"தேடித் திரிஞ்சிரிக்குங்கள், பாவம்," என்றார் அருளப்பு. "தேடி என்ன? தொட்டிக்குள்ள கிடக்கிறத எப்பிடிக் கண்டுபிடிக்கிற?"

ஜோசபின் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "நான் தொட்டிக்குள்ளயா கிடந்தன், அண்ணன்? அதே வீட்டிலதானே இருந்தன். ஒரு மெட்ரோ, ஒரு பஸ்."

அவர் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார்.