ட்ராக் பாடும் ஜெசிந்தாவின் மூச்சு

கோடம்பாக்கத்தில் ஜெசிந்தாவின் குரலைக் கேட்காத பாடகர் கிடையாது. கேட்ட ரசிகர் ஒருவர்கூடக் கிடையாது. ட்ராக் பாடுகிறவள் தலையெழுத்து அப்படி. புதுப் பாட்டை முதலில் அவள் பாடிப் பதிவு செய்வாள். பெரிய பாடகி வந்து அதைக் கேட்டுப் பாடம் செய்துகொண்டு பாடுவார். அப்புறம் ஜெசிந்தாவின் குரலை அழித்துவிடுவார்கள். வருஷக்கணக்காக இப்படியே ஓடிவிட்டது. ஒரே ஒரு பாட்டாவது தன் குரலில் நிற்க வேண்டும் என்று சாந்தோம் மாதாவிடம் அவள் வைக்காத வேண்டுதல் இல்லை.

அதற்குள் வயிற்றில் ஏழு மாதம். குழந்தை பிறந்தால் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள். சினிமா யாருக்காகக் காத்திருந்தது?

அன்றைக்கு வளைகாப்புப் பாட்டு. சரணத்தில் நீளமாக இழுக்கும் இடத்தில் மூச்சு வாங்கவே கூடாது, ஜெசிந்தா வாங்கிவிட்டாள்.

"மாஸ்டர், இன்னொரு தடவை பாடிடறேன்" என்று கெஞ்சினாள்.

இசையமைப்பாளர் தசரதன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அழிக்கப்போற ட்ராக்குக்கு எதுக்கும்மா இவ்ளோ அலட்டல்? போய்ச் சாப்பிடு."

மத்தியானம் மிருணாளினி வந்தார். நாடே கொண்டாடும் குரல். கோபம் மட்டும் மூக்கு நுனியில். ட்ராக்கில் என்ன இருந்தாலும் அது மாஸ்டர் போட்ட சங்கதி என்றுதான் பாடகர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவரும் அந்த மூச்சைச் சேர்த்தே பாடினார்! சரியாக விழவில்லை. திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"தசரதா, என்னய்யா சங்கதி இது? எனக்கு வரவே மாட்டேங்குது. ட்ராக் பாடினது யாரு? கூப்பிடு அவள."

சோற்றுக் கையோடு ஓடி வந்தாள் ஜெசிந்தா. "மன்னிச்சிடுங்கக்கா. அது சங்கதி இல்ல, என் தப்பு. உள்ள இருக்கறது உதைச்சிடுச்சு."

மிருணாளினி அவள் வயிற்றைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "அடிப்பாவி! இதுக்கு நான் எங்கடி போவேன்?" பிறகு தசரதனிடம் திரும்பினார். "படத்துல பாடறது மாசமா இருக்கற பொண்ணுதானே? பாட்டு முடிஞ்சு போச்சுய்யா. இவ பாடினதே இருக்கட்டும்."

"அக்கா, உங்க பேரச் சொல்லித்தான் படமே வித்திருக்கு..."

"வித்தவன எங்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கறேன். ரெக்கார்டுல இவ பேரு வரலன்னா, இனிமே உன் பாட்டு ஒண்ணும் நான் பாட மாட்டேன்."

பெயர் வந்தது. இசைத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜெசிந்தா தேம்பித் தேம்பி அழுதாள். அதன்பிறகு அவளுக்கென்றே பாட்டுகள் வந்தன, கச்சேரிகள் வந்தன. மேடையில் அந்த மூச்சு விடுபட்டால் ஜனம் சும்மா விடாது. இப்போது அதை அவள் வேண்டுமென்றே வாங்க வேண்டியிருக்கிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் முன்வரிசையில் ஒரு வாண்டு நாற்காலி மேல் ஏறி நின்று கத்தும்: "அது நான்!"