கேசவன் சார் வார்த்த மூன்று குண்டுகள்

விஜயதசமி அன்று காலை, என் மகள் கையில் இருந்த ரிவால்வர் 'பொத்' என்று ஒரு சத்தம் போட்டது. தலையணையில் குத்தினால் வருமே, அந்த மாதிரி. அந்தச் சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பதினெட்டு வருடமாகப் புதிய உறுப்பினர்களுக்கு வகுப்பு எடுத்து வருகிறவள் நான். போர்டில் படம் போட்டு விளக்குவேன். தோட்டாவில் இருக்கிற வெடிமருந்து சரியாகப் பற்றாவிட்டால் குண்டு வெளியே போகாது, குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். பிளந்த இரும்பு சுடுகிறவரின் கையையும் முகத்தையும்தான் முதலில் தேடும். ஆகவே 'பொத்' கேட்ட நொடியில், சுடுகிறவர்களுக்குக் கட்டளை தருகிற ரேஞ்ச் ஆபீசர் 'ஸ்டாப்' என்று கத்த வேண்டும்.

அன்று ரேஞ்ச் ஆபீசர் நான். நான் கத்தவில்லை.

இரண்டு மாதம் ஆகிறது. இப்போதும் குக்கரில் விசில் வராமல் வெறும் ஆவி மட்டும் வந்தால் ஓடிப்போய் அடுப்பை அணைக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. மொட்டை மாடி

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் ரேஞ்ச், திருச்சிக்கு வெளியே மணப்பாறை போகிற வழியில் இருக்கிறது. எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை இருக்கலாம் என்று சேர்ந்தேன். வேறு வேலை கிடைக்கவில்லை. எடமலைப்பட்டி புதூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். என் மகள் காவ்யா அங்கேதான் சுடக் கற்றுக்கொண்டாள். இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். மாவட்டப் போட்டிகளில் நன்றாகவே சுடுகிறாள். அடுத்த படி மாநில கேம்ப். அதற்கு கிளப்பின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் கேசவன் சார்.

கேசவன் சார் ரிட்டயர்டு சீஃப் என்ஜினியர், கிளப்பின் துணைத் தலைவர். வீடு ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிப் பக்கம். பாயிண்ட் முப்பத்திரண்டு ரக ரிவால்வருக்குத் தோட்டா கிடைப்பது கஷ்டமாக இருந்த ஒரு வருடம், தானே செய்துகொள்வதாகக் கிளம்பினார். சுட்ட தோட்டாவின் காலி உறையை எடுத்து, மருந்தைப் பற்றவைக்கிற ப்ரைமர் என்ற சின்ன மூடி, புது மருந்து, புதுக் குண்டு மூன்றையும் வைத்து மறுபடி நிரப்புவதை ரீலோடிங் என்போம். அதற்கு உரிமம் வேண்டும். இல்லாமல் தொட்டால் ஜெயில். காகித விஷயத்தில் மட்டும் அவரை யாரும் அசைக்க முடியாது. உரிமம், உரிமத்தின் நகல், நகலுக்கு அத்தாட்சி, எல்லாவற்றுக்கும் தனித்தனி ஃபைல். காகிதம் எல்லாமே சரியாக இருந்தது. குண்டுதான் சரியில்லை.

ஒருநாள் என்னை வீட்டுக்கு அழைத்தார். மொட்டை மாடியில் ஒரு மூலையில் ஸ்டவ், அதன் மேல் வாணலி, வாணலியில் ஈயம். லாரி டயர் கடையில் வாங்கிய பழைய ஈயக் கட்டிகள். எதிர் மூலையில் அவருடைய மருமகள் வேட்டி விரித்து வடாம் பிழிந்து வைத்திருந்தார்.

"அப்பா, பொகை இந்தப் பக்கம் வரது. வடாம்ல படியறது" என்றார் மருமகள்.

"காத்து வடக்கேர்ந்து அடிக்கிறதும்மா. பொகை காவேரிக்குப் போயிடும்."

"காவேரி என்ன பாவம் பண்ணித்து? நேத்திக்கு ஈயச்சொம்பைக் காணோம்."

கேசவன் சார் வாணலியைக் கரண்டியால் ஒரு கிண்டு கிண்டினார். "அது ஓட்டைச் சொம்பு. கொஞ்சம் வெள்ளீயம் சேர்ந்தா அச்சு நன்னா நெறையும். சுமதி, நீயே சொல்லு இவளுக்கு."

எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. கையுறை இல்லை, கண்ணாடி இல்லை. ஈயம் பட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அதே கையால் எனக்கு டபரா செட்டில் காபியை நீட்டினார். நான் என்ன செய்தேன் என்றால், வாங்கிக் குடித்தேன்.

அச்சிலிருந்து விழுந்த குண்டுகள் பாதி சுருங்கியும் பாதி மூளியாகவும் இருந்தன. அவரோ ஒவ்வொன்றையும் பேரக்குழந்தையை எடுப்பது போல எடுத்துக் காட்டினார். பிறகு தன் பொக்கிஷத்தைத் திறந்தார். ஒரு விபூதி டப்பா நிறைய அலுமினியக் கிண்ணிகள். ஒவ்வொன்றும் பச்சைப் பட்டாணி அளவு.

"கேஸ் செக்!" என்றார்.

கேஸ் செக் என்பது நிஜமான பொருள்தான். அதிவேகமாகப் போகிற ஈயக் குண்டின் அடிப்பகுதியைச் சூடான வாயு அரித்துவிடாமல் இருக்க, அடியில் மாட்டுகிற சின்ன உலோகக் கிண்ணி. அதை மாட்டுவதற்கென்றே அடியில் ஒரு படி வைத்துக் குண்டை வார்க்க வேண்டும். கேசவன் சாரின் அச்சில் படி கிடையாது, அடி தட்டை. அதைவிட முக்கியம், எங்கள் ரிவால்வர் குண்டு போகிற வேகத்துக்கு இது தேவையே இல்லை. சைக்கிளுக்கு ஏர்பேக் வைத்த மாதிரி. ஆனால் ஏதோ ஒரு தேசத்துக்காரர் வீடியோவில் கூல் டிரிங்க் டப்பாவை வெட்டி இதைச் செய்து காட்டியிருந்தார். உடனே தெருவில் உள்ள குழந்தைகள் குடித்துப் போட்ட டப்பாவெல்லாம் மாடிக்கு வந்துவிட்டது. அதை வெட்டி அழுத்துகிற டையைப் பாலக்கரை லேத் பட்டறையில் செய்யக் கொடுத்தாராம். பட்டறைக்காரர், "என்னா சார், பல்லிக்கு டம்ளர் அடிக்கிறீங்களா?" என்று கேட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லி சார் சிரித்தார். அந்தப் பட்டறைக்காரர் கேலி செய்கிறார் என்பது அவருக்கு எட்டவே இல்லை.

"சார், இந்த வேகத்துக்கு இது வேணுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீ தியரி சுமதி. நான் ப்ராக்டிகல்."

குண்டின் பள்ளங்களில் தடவ ஒரு கிரீஸும் தயார் செய்திருந்தார். அதுவும் வீடியோ சொன்னபடியே. வீடியோவை எனக்கும் போட்டுக் காட்டினார். அந்த மனிதர் கம்பளிச் சட்டை போட்டிருந்தார், பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது. நம் ஊர் வெயிலில் இந்த கிரீஸ் என்ன ஆகும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. கடிதமும் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

2. கைராசி

எங்கள் கிளப்பில் ஆயுத பூஜை அன்று துப்பாக்கிகளுக்குச் சந்தனம், குங்குமம். அன்றைக்கு யாரும் சுட மாட்டார்கள். மறுநாள் விஜயதசமியில்தான் முதல் குண்டு. பூஜைக்கு கேசவன் சார் தன் தோட்டாப் பெட்டியைக் கொண்டுவந்து தட்டில் வைத்தார். முடிந்ததும் எடுத்துப் போய்த் தன் காரின் பின் கண்ணாடியடியில் வைத்துவிட்டு மறந்துபோனார். அன்று பகல் முழுக்கக் கார் வெயிலில் நின்றது. இது எனக்கு அப்புறம்தான் தெரியும். தோட்டாவை வண்டியில் விட்டுப் போகக் கூடாது என்று ரேஞ்ச் சுவரில் பலகை இருக்கிறது. பலகையை ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தவரே அவர்தான்.

மறுநாள் காலை கமிட்டி முழுவதும் வந்திருந்தது. சுண்டல் வந்திருந்தது. செயலாளர் ராஜமாணிக்கம் மணப்பாறைக்காரர், முறுக்கு வியாபாரி. துப்பாக்கி பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது கறுப்பாக இருக்கும் என்பதுதான். அவர்தான் ஆரம்பித்தார்.

"சார் கையால செஞ்ச குண்டு. யாராச்சும் கைராசிக்காரங்க மொதல்ல அடிக்கணும் சார்."

கேசவன் சார் சுற்றிப் பார்த்தார். "நம்ம காவ்யாதான். மெடல் வாங்கின கை. வா கொழந்தே."

எல்லோரும் கை தட்டினார்கள். என்னைப் பார்த்து ஒருவர், "குடுத்து வச்சவங்க மேடம் நீங்க" என்றார். நான் சிரித்தேன். அந்தத் தோட்டாக்களை நான் பரிசோதித்திருக்க வேண்டும். அது என் வேலை, என் கையேட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் சாமி கும்பிட்டு வைத்த தோட்டாவை, செய்தவர் எதிரிலேயே, கமிட்டி பார்க்க, சந்தேகப்படுவது மரியாதையா? இப்படித்தான் அன்று யோசித்தேன்.

"எத்தனை சார்?" என்றாள் காவ்யா.

"ஒத்தப்படையா மூணு போடு. ரெட்டைப்படை ஆகாது."

மூன்று போட்டாள். காது மூடியை மாட்டிக்கொண்டு லைனில் நின்றாள். நான் 'ஸ்டார்ட்' சொன்னேன். அந்த ஒன்றை மட்டும் சத்தமாகவே சொன்னேன்.

பொத்.

இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் டார்கெட் பேப்பர் வெள்ளையாக, ஓட்டை இல்லாமல் இருந்தது.

"ஆஹா!" என்றார் ராஜமாணிக்கம். "சத்தமே வராம பண்ணிட்டீங்களே சார்! சூப்பர் சார்!"

கேசவன் சார் முகம் பூரித்தது. "பாத்தேளா? கேஸ் செக் போட்டா இப்படித்தான். ஸ்மூத்!"

மறுபடி கை தட்டல். எனக்கு என்ன நடந்தது என்று தெரியும். தெரிந்தும் நாக்கு எழவில்லை. கமிட்டி முன்னால் சாரை அசிங்கப்படுத்துவதா, ஒருவேளை என் காதில்தான் கோளாறோ, இன்னொரு நொடி பார்க்கலாமா, கடிதம். இதெல்லாம் ஒரே சமயத்தில் வந்தது. காவ்யாவின் கட்டைவிரல் அடுத்த குண்டுக்காக ரிவால்வரின் பின்னால் இருக்கிற சுத்தியலை இழுக்கப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

விரல் பாதியில் நின்றது. ட்ரிகரிலிருந்து விரலை எடுத்தாள். குழலை டார்கெட்டை விட்டு அசைக்காமல், இடது கையை மேலே தூக்கினாள்.

"ரேஞ்ச் ஆபீசர்" என்றாள்.

அம்மா என்று கூப்பிடவில்லை.

"ஒண்ணுமில்லே கொழந்தே, அடி. இன்னும் ரெண்டு இருக்கு" என்றார் கேசவன் சார்.

"பாப்பா, நல்ல நாள்ல பாதில நிறுத்தக் கூடாதும்மா" என்றார் ராஜமாணிக்கம்.

அவள் திரும்பவில்லை. லைனில் நிற்பவர் திரும்பக் கூடாது, திரும்பினால் குழலும் திரும்பும். தூக்கிய கை அப்படியே இருந்தது. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். "ரேஞ்ச் ஆபீசர்!"

அப்போதுதான் என் வாயிலிருந்து 'ஸ்டாப்' வந்தது. பத்து நொடி இருக்குமா, தெரியவில்லை. கட்டளையின் குரலில் வரவில்லை. யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற குரலில் வந்தது.

3. பித்தளைக் கம்பி

விதிப்படி சற்று நேரம் காத்திருந்து, ரிவால்வரைக் காலி செய்து, குழல் வாயில் பித்தளைக் கம்பியை விட்டேன். பாதி தூரத்தில் முட்டியது. கமிட்டி சுண்டல் தின்பதை நிறுத்தியது.

"நான் சுட்டப்ப துப்பாக்கி கையைத் தூக்கவே இல்ல" என்றாள் காவ்யா. "எப்பவும் ஒரு உதை இருக்கும். அது இல்ல."

பட்டறை மேஜையில் வைத்துத் தட்டி எடுத்தேன். குண்டு ஒரு பக்கம், கூல் டிரிங்க் கிண்ணி ஒரு பக்கம், தனித்தனியாக வந்தன. மிச்சம் இரண்டு தோட்டாவையும் பிரித்துப் பார்த்தேன். கிரீஸ் உருகி, லூசாக உட்கார்ந்திருந்த கிண்ணியைத் தாண்டி, மருந்தில் இறங்கியிருந்தது. மருந்து ஈரம் பட்ட ரவை மாதிரி கட்டி கட்டியாக இருந்தது. அப்போதுதான் சார் கார் கதையைச் சொன்னார், ஏதோ காரின் தப்பு மாதிரி.

"அபசகுனம் ஒண்ணும் இல்ல சார். பூஜையில ஏதோ கொறை" என்று ராஜமாணிக்கம் தேற்றினார்.

ஒரு மனிதர், உலோகம், வெப்பம், அழுத்தம் எல்லாம் படித்து, பாலம் கட்டிச் சம்பளம் வாங்கி ரிட்டயர் ஆனவர், ஆமாம் என்று தலையை ஆட்டினார். பூஜையில் குறை.

சம்பவப் பதிவேட்டைத் திறந்தேன். சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் சுருங்கியிருந்தது. "ப்ரைமர் நமுத்துப்போச்சுன்னு போட்டுடேன் சுமதி. எதுக்கு வீணா?"

"ப்ரைமர் நல்லா இருந்துச்சு சார். அது ஒண்ணுதான் நீங்க செய்யாதது."

இத்தனை வருடத்தில் அவரிடம் நான் பேசிய முதல் நேர்ப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். கிரீஸ், கிண்ணி, கார். கடைசி வரி எழுதத்தான் நேரம் பிடித்தது: 'தோட்டாக்களை ரேஞ்ச் ஆபீசர் பரிசோதிக்கவில்லை. முதல் குண்டுக்குப் பின் ரேஞ்ச் ஆபீசர் உடனடியாகக் கட்டளை தரவில்லை.' கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது காவ்யா ஸ்கூட்டரை ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். சிக்னலில் நிற்கும்போது கேட்டாள்.

"உனக்குத் தெரிஞ்சுதானே இருந்துச்சு? ஏம்மா சொல்லல?"

"சார் இருந்தாருடி."

"சார் பின்னாடி நின்னாரு. நான்தானே முன்னாடி நின்னேன்."

பச்சை விழுந்தது. அவள் வண்டியை எடுத்தாள்.

நான்காவது நாள் அலுவலகத்தில் ஒரு கவர் இருந்தது. சிபாரிசுக் கடிதம், கேசவன் சாரின் கையெழுத்தோடு. என்னோடு பேச அவருக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். பதிவேட்டையும் கடிதத்தையும் முடிச்சுப் போடலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. அவர் அரைகுறை, வீண் ஜம்பம், வீடியோ பார்த்துப் பொறியியல் செய்கிறவர். ஆனால் பழிவாங்குகிறவர் இல்லை. அப்படி ஒருவரை என் மனதுக்குள் நானே செய்து வைத்து, அவருக்குப் பயந்து நின்றிருக்கிறேன். அவர் மாடியில் வார்த்ததாவது கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது, நான் மனதில் வார்த்தது அப்படிக்கூட இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. 'ஸ்டாப்' சொல்ல வேண்டிய இடத்தில், அந்தச் சொல்லால் சொந்தத்தில் எதையாவது இழக்கக் கூடியவர் நிற்கக் கூடாது. உங்கள் பிள்ளை லைனுக்கு வருகிறதா, அந்த வரிசைக்கு வேறு ஆளை நிறுத்திவிட்டு வெளியே போங்கள். உங்களுக்கு வேண்டியதைத் தரக்கூடியவர் எதையாவது நீட்டுகிறாரா, அதைப் பரிசோதிக்க வேறு ஆளைக் கூப்பிடுங்கள். தைரியம் அந்த நேரத்தில் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். எனக்கு வரவில்லை. பிசிக்ஸ் தெரியும், விதி தெரியும், பெற்ற பிள்ளை எதிரே நிற்கிறாள், அப்படியும் வரவில்லை.

இப்போது காவ்யா சுடும் நாட்களில் நான் லீவு போடுகிறேன். அவள் போய்விட்டு வருவதற்குள் மூன்று தரம் சமையலறை துடைக்கிறேன்.