எஞ்சினை அணைக்காதீர்கள்

கியோமாசா, மினோசகா என்ற ஊரின் ஓட்டுநர் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். மகன் யோஷிகியும் அதில் அடக்கம். கற்றுக்கொண்ட காலத்தில் சிக்னல் மேட்டில் வண்டியைப் பின்னால் உருளவிட்டவன் அவன். அதை அவனுடைய கல்யாண விருந்திலும் அவர் விடாமல் சொன்னார்.

இப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. போன ஞாயிற்றுக்கிழமை மகனின் புது வீட்டுக்குப் போகும் வழியில், காரோடு வந்த பழைய வழிகாட்டித் திரை புறவழிச்சாலையை அடையாளம் தெரியாமல் வண்டியை நெல்வயலில் நீந்தவிட்டது. மகனின் வீடு இருந்த இடத்தில் ஒரு குளத்தைக் காட்டியது.

"வண்டியும் பழசு, மேப்பும் பழசு, நீங்களும்தான். இந்தப் பிறந்தநாளோட லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடுங்கப்பா" என்றான் யோஷிகி.

"தப்பு மேப் மேல. என் மேல இல்ல."

அந்த மாடலுக்கென்று வந்த கடைசி வரைபட மெமரி கார்டை வரவழைத்தார். சாலையோரக் காய்கறிக் கடையின் வண்டி நிறுத்தத்தில் வைத்து அதைச் செருகினார். திரையில் எழுத்து வந்தது: 'புதுப்பிக்கப்படுகிறது. எஞ்சினை அணைக்காதீர்கள்.' எதிர்ச் சுவரில் ஒரு பலகை: 'நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிடாதீர்கள்.'

விதியை மீற வாத்தியாருக்குக் கை வருமா? வண்டியை எடுத்துக்கொண்டு பாலம் வரை போனார், கடைக்குத் திரும்பினார், மறுபடி பாலம்.

கடைக்காரி ஷிகேனோ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு யோஷிகிக்கு ஃபோன் போட்டாள். "தப்பா நெனைக்காத தம்பி. வாத்தியார் சுத்திக்கிட்டே இருக்காரு. ஒவ்வொரு தடவையும் இப்பத்தான் பாக்குற மாதிரி குனிஞ்சு வணக்கம் வேற வெக்கிறாரு!"

யோஷிகி வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பறந்து வந்தான். தன் காரை ஓரங்கட்டி, அப்பாவின் வண்டியைக் கைகாட்டி மறித்து ஏறிக்கொண்டான்.

"அப்பா... நான் யாருன்னு தெரியுதா?"

"சிக்னல்ல பின்னாடி உருண்டவன்."

"எதுக்குப்பா இப்படிச் சுத்துறீங்க?"

கியோமாசா முதலில் திரையைக் காட்டினார், பிறகு பலகையை. யோஷிகிக்குக் காது வரை சிவந்தது. எதிரே ஒரு லாரி வந்ததும் அவன் கால் தானாகத் தரையை மிதித்தது.

"அங்க பிரேக் இல்லடா. அது பள்ளிக்கூடத்து வண்டியிலதான் இருக்கும்."

பாலத்தில் திரும்பும்போது புதுப்பிப்பு முடிந்தது. கடை வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைப் பாதி திருப்பித் திரையை மட்டும் எழுப்பினார். குளம் இருந்த இடத்தில் இப்போது தெருக்கள். விரலால் ஒன்றைத் தொட்டார்.

"பாத்தியா? உன் வீடு கரையேறிடுச்சு."

யோஷிகி குனிந்து அந்தச் சின்னத் தெருவைப் பார்த்தான்.

"இதுக்காகவா இத்தனையும்?"

"பின்ன? குளத்துக்குள்ள எப்படி விருந்துக்கு வர்றது? சரி, லைசென்ஸ் என்னாச்சு?"

"அடுத்த வருஷம் பேசிக்கலாம்." இறங்கித் தன் காருக்கு நடந்தான். "வீட்டுக்குத்தானே? நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடி வர்றேன்."

"பின்னாடி போறது உனக்குப் பழக்கந்தானே!"

ஷிகேனோவுக்குக் குனிந்து இன்னொரு வணக்கம் வைத்துவிட்டு, திருப்பம் வருவதற்கு வெகு முன்பே கியோமாசா இண்டிகேட்டரைப் போட்டார்.